சோதனைக்கு நிற்பவருக்குச் சம்பளம் நிற்கக் கூடாது!

தருமபுரி மாவட்டத்தின் உழைப்பில் பெரும்பங்கு மாவட்டத்துக்கு வெளியேதான் செலவாகிறது. பென்னாகரம், ஏரியூர் பக்கத்து ஆண்கள் மேஸ்திரி கூப்பிட்டால் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அரூர் பக்கம் இருப்பவர்கள் மொரப்பூரில் ரயிலேறித் திருப்பூர், கோவை மில்களுக்குப் போகிறார்கள். சித்தேரி மலையிலிருந்து கேரளத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்களும் உண்டு. மழை ஏமாற்றிய வருடங்களில் இந்தக் கூட்டம் இன்னும் பெருகும். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் எல்லோரும் திரும்புவார்கள். பத்து நாள் இருந்துவிட்டு மறுபடி கிளம்புவார்கள்.

போன இடத்தில் இவர்கள் எங்கே படுத்துத் தூங்குகிறார்கள்? கட்டடம் எழும்பும் இடத்திலேயே தகரக் கொட்டகையில், அல்லது ஹாஸ்டல் அறையின் அடுக்குக் கட்டிலில். எட்டுப் பேர், பத்துப் பேருக்கு ஒரே அறை, ஒரே கழிப்பறை. கொசுவுக்குப் பயந்து ஜன்னல் எப்போதும் மூடியிருக்கும். காற்றில் பரவும் கிருமிக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை.

அங்கே ஒருவருக்கு இருமல் முற்றி, உடம்பு இளைத்து, வேலை செய்ய முடியாமல் போனால் என்ன நடக்கிறது? ஊருக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். அவர் பெயர் சொந்தக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் ஏறுகிறது. நோய் தருமபுரிக் கணக்கில் சேர்கிறது. நோய் ஒட்டிய கொட்டகையோ வேறு மாவட்டத்தில், பல நேரங்களில் வேறு மாநிலத்தில் இருக்கிறது. அவரோடு படுத்திருந்த ஒன்பது பேரையும் யாரும் சோதிப்பதில்லை. அவருடைய கட்டிலுக்கு அடுத்த வாரமே இன்னொருவர் வந்துவிடுகிறார்.

தொற்றுநோயைத் தடுக்க வேண்டுமானால், நோய் வந்தவர் வீட்டை மட்டும் தேடிப் போனால் போதாது. அவர் வேலை செய்த இடத்தில் எல்லோரையும் ஒருசேரச் சோதிக்க வேண்டும். கொரோனா காலத்தில் நாடே இதைக் கண்டது. அந்தப் பாடம் இன்று காசநோய்க்கு வேண்டியிருக்கிறது.

கோயம்பேட்டில் தவறியது

2020 ஏப்ரலில், தமிழ்நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் கொரோனா எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோது, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் தொற்றே இல்லாத மாவட்டங்களாகப் பல நாள் தாக்குப்பிடித்தன. அந்த மாதப் பிற்பகுதியில் தருமபுரியில் முதலில் தொற்று உறுதியானவர் ஒரு லாரி ஓட்டுநர். ஊரடங்கில் பஸ் இல்லை, ரயில் இல்லை. சரக்கு லாரி மட்டும் ஓடியது. அப்படிப்பட்ட நாளிலும் நோய் வேலையின் வழியாகத்தான் மாவட்டத்துக்குள் வந்தது. ஓட்டுநர் மேல் இதில் குற்றம் எதுவும் இல்லை. ஊர் முழுக்க வீட்டுக்குள் இருந்தபோது நமக்குச் சோறு கொண்டுவந்தவர் அவர்.

அதே நாட்களில் சென்னை கோயம்பேடு சந்தையில் நடந்தது, வேலையிடச் சோதனை தாமதமானால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு கண்ட மிகப் பெரிய சாட்சி. மூட்டை தூக்குபவர்கள், கடைப் பையன்கள், லாரிக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வேலை செய்த இடம் அது. ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று தெரியவந்தது. மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. ஆனால் அதற்குள் தொழிலாளர்கள் காய்கறி லாரிகளில் தொற்றிக்கொண்டு கடலூர், அரியலூர், விழுப்புரம், பெரம்பலூர் என்று சொந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அந்த மாவட்டங்களில் ஒரே நாளில் ஐம்பது, நூறு என்று எண்ணிக்கை பாய்ந்தது. சந்தையோடு தொடர்புள்ள தொற்று இரண்டாயிரத்தைத் தாண்டியது. சந்தைக்குள் ஒரே இடத்தில் எடுத்திருக்க வேண்டிய மாதிரிகளை, சுகாதாரப் பணியாளர்கள் மாவட்டம் மாவட்டமாக, தெருத்தெருவாக அலைந்து எடுக்க வேண்டியதாயிற்று.

இலங்கையிலும் இதே கதை வேறொரு கூரையின் கீழ் நடந்தது. 2020 அக்டோபர் தொடக்கத்தில் கம்பஹா மாவட்டம் மினுவாங்கொடையில் பிராண்டிக்ஸ் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு பெண்ணுக்குத் தொற்று உறுதியானது. உடனே எல்லோரையும் சோதித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்குத் தொற்று இருந்தது. அதாவது, முதல் பெண்ணைக் கண்டுபிடிக்கும் முன்பே நோய் தையல் வரிசை முழுக்க ஓடிவிட்டிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் காய்ச்சல் வந்தவரை மட்டும் சோதிப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான்.

நம் ஆட்கள் பெருமளவில் இருந்த இன்னோர் இடம் சிங்கப்பூர். அங்கே தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சுமார் 3,23,000 பேர். அவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் ஏராளம். 2020 ஏப்ரலில் விடுதிகளில் தொற்று வெடித்தது. எல்லோரையும் அடைத்து வைத்து, விடுதி விடுதியாகச் சோதித்தார்கள். ஆகஸ்டில் விடுதிகள் தொற்று நீங்கியவையாக அறிவிக்கப்பட்டன. அதன் பிறகும் 14 நாளுக்கு ஒருமுறை சோதனை தொடர்ந்தது. ஆண்டு முடிவில் அந்நாட்டு அரசே வெளியிட்ட கணக்கின்படி, விடுதித் தொழிலாளர்களில் 47 சதவீதம் பேருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. பி.சி.ஆர். சோதனையில் தெரிந்தவர்கள் சுமார் 54,500 பேர். பின்னால் ரத்தத்தில் எதிர்ப்பணுவைப் பார்த்துத் தெரிந்தவர்கள் இன்னும் 98,000 பேருக்கு மேல்.

திட்டம் போட்டு, திரும்பத் திரும்பச் சோதித்தது சிங்கப்பூரின் பலம். அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் சோதனையில் தேறிய பிறகும் அந்தத் தொழிலாளர்கள் வேலை, விடுதி, மறுபடி வேலை என்றுதான் நீண்ட காலம் இருந்தார்கள். மற்றவர்கள் கடைத்தெருவில் நடந்தபோது, இவர்களுக்கு வெளியே போக 2022 வரை அனுமதி வேண்டியிருந்தது. நோயைக் கண்டுபிடிக்க வந்த சோதனை ஆளைப் பூட்டிவைக்கும் வேலியாக மாறிவிடக் கூடாது.

ஆயிரம் பேரைச் சோதிக்கும் கணக்கு

எல்லோரையும் சோதிப்பதென்றால் செலவு தாங்குமா என்று நிர்வாகங்கள் கேட்கும். இதற்கு விடை 1943-லேயே கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்கு ஆளெடுத்த அமெரிக்கப் படையில் சிபிலிஸ் நோயைக் கண்டுபிடிக்க, ராபர்ட் டார்ஃப்மன் என்பவர் ஒரு வழி சொன்னார். பலருடைய மாதிரியைக் கலந்து ஒரே சோதனை செய்யுங்கள். நோய் இல்லையென்று வந்தால் அத்தனை பேரும் தேறிவிட்டார்கள். இருக்கிறதென்று வந்தால் மட்டும் அந்தக் குழுவில் தனித்தனியாகப் பாருங்கள் என்றார். ஆயிரம் பேர் உள்ள ஆலையில் பத்துப் பேருக்கு நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து ஐந்து பேராகக் கலந்தால் 200 சோதனை. நோய் தெரியும் குழுக்கள் அதிகபட்சம் பத்து. அவற்றில் 50 பேருக்குத் தனிச் சோதனை. ஆக, 250 சோதனையில் வேலை முடிகிறது. கொரோனா நேரத்தில் தொற்று குறைவாக இருந்த பகுதிகளுக்கு, ஐந்து மாதிரி வரை கலக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அனுமதி கொடுத்தது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், அதில்தான் தொழிலாளியின் பிழைப்பு இருக்கிறது. ஆயிரம் பேரில் இரண்டு பேருக்குத்தான் நோய். சோதனை நூற்றுக்கு ஒரு தடவை, நோயில்லாதவரை நோயாளி என்று தவறாகச் சொல்லிவிடும். அப்படியானால் பத்து ஆரோக்கியமான ஆட்கள் மேல் நோயாளி முத்திரை விழும்! முதல் சோதனையின் முடிவைப் பார்த்த கையோடு கேட்டுக்கு வெளியே அனுப்பும் நிர்வாகம், உண்மையான நோயாளி ஒருவருக்கு ஐந்து நல்லவர்களைச் சேர்த்து அனுப்புகிறது. இரண்டாவது, வேறு வகைச் சோதனை முடியும்வரை யாரையும் நோயாளி என்று அழைக்கக் கூடாது.

ஒருநாள் சோதனை அந்த ஒருநாளைத்தான் காட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். இன்று இல்லை என்று வந்தவருக்கு அடுத்த வாரம் வரலாம். ஸ்லோவாக்கியா நாடு 2020 அக்டோபர் 31, நவம்பர் 1 ஆகிய இரண்டே நாளில் 36 லட்சம் பேரைச் சோதித்தது. தொற்று வேகமாகச் சரிந்தது உண்மை. ஆனால் சில வாரங்களில் நோய் மறுபடி தலைதூக்கியது. முகாம் போட்டு, படம் எடுத்து, பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டுப் போவதால் பயனில்லை.

தருமபுரிக்கு இன்று தேவை எது?

கொரோனா அடங்கிவிட்டது. காசநோய் அடங்கவில்லை. இதுவும் காற்றில் பரவுவதுதான், இதுவும் நெருக்கமான அறைகளில் வளர்வதுதான். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு, இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் லட்சம் பேருக்கு 316 பேர் நுரையீரல் காசநோயோடு இருப்பதாகச் சொன்னது. அதே ஆய்வில் வெளிவந்த இன்னொரு உண்மையைத்தான் ஒவ்வொரு தொழிற்சாலை வாசலிலும் எழுதி ஒட்ட வேண்டும்: நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல், இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தப்பிப்போயிருப்பார்கள். அறிகுறி இருந்தவர்களிலும் 64 சதவீதம் பேர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. ஒருநாள் லீவு போட்டால் ஒருநாள் கூலி போகும் என்கிறவர், இருமலுக்காக ஆஸ்பத்திரி போவாரா?

தாமதமாக வருவதன் விலை என்னவென்று தருமபுரிக்குத் தெரியும். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' ஒன்றைத் தொடங்கியது, ஐ.சி.எம்.ஆரின் சென்னை தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதற்குத் துணை. நோய் உறுதியான அன்றே எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், கால் வீக்கம், பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்த்து, ஆபத்தான நிலையில் இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கும் முறை அது. தருமபுரியில் காசநோயாளிகளின் இறப்பு விகிதம் 12.5 சதவீதத்திலிருந்து 7.8 சதவீதமாகக் குறைந்தது. நல்ல வேலை; செய்தவர்களுக்கு நன்றி. ஆனால் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் இறந்துகொண்டிருந்தார்கள் என்பதன் பொருள், எழுந்து நிற்க முடியாத நிலையில்தான் பலர் வந்தார்கள் என்பது. அவர்கள் நடமாடிக்கொண்டு, ஷிப்ட் பார்த்துக்கொண்டு இருந்த மாதங்களில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த கட்ட வேலை அங்கேதான் இருக்கிறது.

வேலையிடத்தில் இதைச் செய்வது பெரிய வித்தையில்லை. எக்ஸ்ரே வண்டி வாசலுக்கு வரும். கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவியும் இப்போது உண்டு. படத்தில் சந்தேகம் தெரிந்தவரிடம் சளி வாங்கி, ட்ரூநாட் போன்ற மூலக்கூறு சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு சில மணி நேரத்தில் கிடைத்துவிடும். உறுதியானால் ஆறு மாத மாத்திரை, இலவசம். சாதாரணக் காசநோயாக இருந்தால், முறையாக மாத்திரை எடுக்கத் தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும். எனவே தொழிலாளி ஆறு மாதமும் வேலையை விட்டு நிற்கத் தேவையில்லை. உடம்பு தேறியதும் திரும்பலாம். பல முதலாளிகளுக்கு இது தெரியாது. பல தொழிலாளிகளுக்கும் தெரியாது. ஒருவர் வேலையை இழப்பதற்கும் வைத்துக்கொள்வதற்கும் நடுவே நிற்பது இந்தத் தகவல்தான்.

எல்லோரையும் சோதித்தால் போதுமா? தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. சுமார் 27,000 தொழிலாளர்கள் இருந்த பகுதிகளில் எல்லோரையும் சோதித்து, நோய் உள்ளவருக்குச் சிகிச்சையும், மற்றவர்களுக்கு ஒன்பது மாதம் தடுப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்ட காலம்வரை பலன் இருந்தது. ஆனால் சுரங்கத்தில் காசநோயின் அளவு குறையவில்லை என்று 2014-ல் முடிவு வெளியானது. சிலிக்கா தூசியும் நெரிசலும் எச்.ஐ.வி.யும் அப்படியே இருந்தன. தடுப்பு நின்றதும் நோய் திரும்பியது. வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில் வேறு மாதிரி செய்தார்கள். ஊர் ஊராக, இருமல் உண்டா என்று கேட்காமலேயே எல்லோருடைய சளியையும் ஆண்டுக்கு ஒருமுறை, மூன்று ஆண்டு தொடர்ந்து சோதித்தார்கள். நான்காம் ஆண்டில் அளந்தபோது, அப்படிச் செய்யாத ஊர்களைவிடக் காசநோய் 44 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வருடா வருடம் விடாமல் சோதிக்க வேண்டும். தூசியையும் நெரிசலையும் குறைக்க வேண்டும். தருமபுரியில் கல் உடைக்கும் இடங்களுக்கு இது அப்படியே பொருந்தும். நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்தவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும்.

வேலை போயிடுமா?

எக்ஸ்ரே வண்டி வாசலுக்கு வந்து நின்றால் தொழிலாளியின் மனசில் எழும் முதல் கேள்வி நோயைப் பற்றியதாக இருக்காது. 'ஏதாவது வந்தா வேலை போயிடுமா?' என்பதுதான். இதற்கு நிர்வாகம் எழுத்தில் பதில் சொல்லாத வரை, இருமுகிறவர் அன்றைக்கு லீவு போடுவார். மேஸ்திரி தன் ஆட்களில் சுகமில்லாதவரை அறையிலேயே இருக்கச் சொல்வார். அன்றைக்குச் சோதனைக்கு வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களாக இருப்பார்கள். அறிக்கையும் 'நோய் இல்லை' என்றே போகும்.

சம்பளத்தைக் காப்பாற்ற வழி ஏற்கெனவே இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் பதிவான தொழிலாளிக்கு, தகுதி நாட்கள் இருந்தால், நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. நோய்ப் பலன் பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 1948-ஆம் ஆண்டு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொல்லியிருந்தது. இவ்வளவும் காகிதத்தில் உண்டு. ஆனால் அந்த 80 சதவீதம் கிடைக்க இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டரை மாற்றி, தொழிலாளியைப் புதிய ஆளாகக் காட்டும் இடத்தில் அவருக்கு எங்கே இரண்டு ஆண்டு கணக்கு வரும்? செங்கல் சூளைக்காரரும், கரும்பு வெட்டப் போகிறவரும், பெங்களூர் சித்தாளும் பெரும்பாலும் இந்த வளையத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. எச்.ஐ.வி.க்கு 2017-ல் தனிச் சட்டம் வந்தது. வேலை கொடுக்க எச்.ஐ.வி. சோதனை செய்யச் சொல்லக் கூடாது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. பாகுபாடு காட்டக் கூடாது என்று அது சொல்கிறது. லாரி ஓட்டுநர்களையே நோய் பரப்புகிறவர்களாகப் பார்த்த ஒரு காலத்துக்குப் பிறகு, போராடிப் பெற்ற பாதுகாப்பு அது. காசநோயாளிக்கு இப்படித் தனிச் சட்டம் இல்லை. கூட்டாகச் சோதிக்கும் இடத்தில் யார் பெயர் வருகிறது என்பது பக்கத்துக் கட்டிலுக்குத் தெரிவது ஐந்து நிமிட வேலை. இருபது வயதுப் பெண்ணுக்குக் காசநோய் என்று ஹாஸ்டலில் தெரிந்து, அது ஊருக்கும் போனால், மருந்து குணப்படுத்த முடியாத காயம் அது. முடிவு தொழிலாளியின் கையில் நேராகப் போக வேண்டும். சூப்பர்வைசர் வழியாகவோ ஹெச்.ஆர். வழியாகவோ போகக் கூடாது. நிர்வாகத்துக்கு மருத்துவர் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: இவருக்கு இத்தனை நாள் விடுப்பு வேண்டும்.

தொழிலாளர்கள் சோதனைக்கு எதிரிகள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கார் ஆலைகளில் பாதுகாப்புக் கேட்டு வேலையை நிறுத்தியவர்கள் தொழிலாளர்கள்தான். ஹூண்டாய் ஆலை ஐந்து நாள் மூடப்பட்டது. ரெனோ-நிசான் தொழிலாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள். உயிர் மேல் எல்லோருக்கும் ஆசை உண்டு. கூலி இல்லாமல் உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அவர்களுடைய கவலை.

வண்டி தயாராகத்தான் இருக்கிறது

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. 2024 ஜனவரியில் அது தொழிற்சாலைகளுக்குள்ளும் நுழைந்தது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வேலையிடத்திலேயே பார்க்கிறார்கள். செவிலியர் ஏற்கெனவே ஆலை வாசலைத் தாண்டிவிட்டார். அவருக்குப் பின்னால் எக்ஸ்ரே கருவியை அனுப்புவதுதான் மிச்சம். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்கிறது. சர்க்கரைக்கு அந்த வயது வரம்பு சரியாக இருக்கலாம். காசநோய்க்குச் சரியில்லை. ஹாஸ்டல் கட்டிலில் இருப்பவர்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது.

தருமபுரிக்கு இன்னொரு வாய்ப்பும் வாசலில் நிற்கிறது. நல்லம்பள்ளி வட்டத்தில் அதியமான்கோட்டை, தடங்கம், பாலஜங்கமனஹள்ளி பகுதியில் 1,700 ஏக்கருக்கும் மேலான நிலத்தில் சிப்காட் தொழிற்பூங்கா திட்டமிடப்பட்டிருக்கிறது. வெளியூர் போன பிள்ளைகள் உள்ளூரிலேயே வேலை பார்க்கலாம் என்று மாவட்டமே காத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்கு விதி போடுவது கஷ்டம். வரப்போகும் ஆலைக்குச் சுலபம். மனை ஒதுக்கும் ஒப்பந்தத்திலேயே சில நிபந்தனைகளைச் சேர்க்க முடியும். நிரந்தரத் தொழிலாளி, கான்ட்ராக்ட் தொழிலாளி, ஹாஸ்டல் சமையல்காரர் என்று பேதமில்லாமல் ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே. நோய் தெரிந்தால் முதல் மாதம் முழுச் சம்பளம், இ.எஸ்.ஐ. தருவது போக மீதியை நிர்வாகம் தர வேண்டும். திரும்பி வரும்போது அதே வேலை. ஒருவருக்கு நோய் உறுதியானால் அவருடைய அறையில் இருந்த எல்லோருக்கும் சோதனை. அந்த அறைக்குத் திறக்கக்கூடிய ஜன்னல்.

வெளியே போகிறவர்களை மறந்துவிடக் கூடாது. பெங்களூரில் நோய் பிடித்துத் தருமபுரிக்குத் திரும்பிய கட்டடத் தொழிலாளியிடம், எந்த இடத்தில் வேலை செய்தீர்கள், யாரோடு தங்கினீர்கள் என்று கேட்டு, அந்த விவரத்தைக் கர்நாடகக் காசநோய்ப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். நோயாளிகளைப் பதிவு செய்யும் 'நிக்ஷய்' இணையதளம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். மாநில எல்லை அதற்குத் தடையில்லை.

இதைப் படிப்பவர் தொழிற்சாலையிலோ மில்லிலோ கட்டடத்திலோ வேலை செய்பவராக இருந்தால், அல்லது அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, மாலையில் காய்ச்சல் அடிக்கிறதா என்று கவனியுங்கள். எந்த அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சளிப் பரிசோதனைக்குக் காசு வாங்க மாட்டார்கள். நோய் இருந்தால் மருந்தோடு மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துத் தொகையும் வங்கிக் கணக்குக்கு வரும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் விடுப்புச் சம்பளம் கேளுங்கள். அது உங்கள் சம்பளத்தில் பிடித்த பணம். சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் பேசலாம்.